பரணில் தூங்கும் மானிட்டர்

இரவு பத்தரை மணி இருக்கும். காலையில் அனுப்ப வேண்டிய வேலை டெஸ்க்டாப்பில் பாதியில் நின்றது. மானிட்டர் இரண்டு தரம் சிமிட்டிவிட்டு இருண்டுபோனது. பட்டனை அமுக்கினால் ஓரத்து விளக்கு எரிகிறது, படம் இல்லை. மேசைக்கு அடியில் சிபியு மட்டும் எப்போதும்போல ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே எல்லாம் உயிரோடு இருக்கிறது, எட்டிப் பார்க்கத்தான் ஜன்னல் இல்லை.

பரண் நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு லேப்டாப் உண்டு. அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது அரசு கொடுத்தது. மூடியில் கோபுர முத்திரை மங்கிப்போயிருக்கும். பேட்டரி செத்துப் பல வருடம் ஆகிறது, சார்ஜரைச் செருகினால் ஓடும். இன்றைய வேலை எதற்கும் அதன் வேகம் காணாது. ஆனால் 14 இன்ச் திரையில் ஒரு கீறல்கூட இல்லை.

ஹால் டிவியின் பின்னாலிருந்து ஹெச்டிஎம்ஐ கேபிளை உருவி, ஒரு முனையை சிபியுவிலும் மறுமுனையை லேப்டாப்பிலும் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. நடுவே ஒரு கேபிள் இருப்பதையே இரண்டும் கண்டுகொள்ளவில்லை.

வீட்டில் டெஸ்க்டாப்பும் பழைய லேப்டாப்பும் வைத்திருக்கும் பலர் ஒருமுறையாவது இதைச் செய்து பார்த்திருப்பார்கள். மேசைக்கு இரண்டாவதாக ஒரு திரை வேண்டும் என்று நினைத்தவர்களும், மானிட்டர் வாங்கக் கையில் காசில்லாத மாணவர்களும் முதலில் எடுப்பது அந்தக் கேபிளைத்தான். திரை என்றால் திரைதானே, படம் வந்தால் காட்டாதா என்ற எதிர்பார்ப்பில் எந்தத் தப்பும் இல்லை. அது ஏன் பலிப்பதில்லை, பலிக்க வைக்க என்ன வழி என்று சில வாரங்களாகத் தேடியதும் செய்து பார்த்ததும் இங்கே.

ஒரே வடிவம், எதிரெதிர் வாசல்

லேப்டாப்பின் ஓரத்தில் இருக்கும் ஹெச்டிஎம்ஐ துளை, படம் வெளியே போகும் வாசல். டிவியின் பின்னால் இருக்கும் அதே துளை, படம் உள்ளே வரும் வாசல். இரண்டுக்கும் வடிவம் ஒன்று, கேபிளும் ஒன்று. குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

அந்தக் கேபிளுக்குள் நடக்கும் உரையாடலைத் தெரிந்துகொண்டால் எல்லாம் விளங்கிவிடும். ஹெச்டிஎம்ஐ செருகியில் 19 ஊசிகள். படத்தை அனுப்பும் கருவி 18-ஆவது ஊசியில் 5 வோல்ட் மின்சாரத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும். எதிரில் டிவியோ மானிட்டரோ இருந்தால், ‘நான் இருக்கிறேன்’ என்று 19-ஆவது ஊசியில் பதில் வரும். அடுத்து 15, 16 ஊசிகளில் ஒரு விசாரணை: நீ யார், எத்தனை புள்ளிகள், நொடிக்கு எத்தனை படம் தாங்குவாய்? இதற்கான விடைகளை ஒவ்வொரு மானிட்டரும் ஒரு சின்ன நினைவுச் சில்லில் தன் ஜாதகமாக வைத்திருக்கும். அடிப்படை ஜாதகம் வெறும் 128 பைட்தான். பொருத்தம் பார்த்து முடித்த பிறகே படம் புறப்படும்.

டெஸ்க்டாப், லேப்டாப் இரண்டுமே அனுப்பும் கருவிகள். இரண்டும் 5 வோல்ட்டைக் கொடுத்துவிட்டு எதிர்முனை பேசட்டும் என்று காத்திருக்கின்றன. ஜாதகம் கேட்க இரண்டு பேர் இருக்கிறார்கள், கொடுக்க ஆளில்லை.

சரி, லேப்டாப்பிடம் திரை இருக்கிறதே, அதன் ஜாதகம் எங்கே போனது என்ற கேள்வி வரும். அது உள்ளே இருக்கிறது. மதர்போர்டிலிருந்து கீல் வழியாக ஏறும் மெல்லிய கேபிள் ஒன்று நேராகத் திரைக்குப் போகிறது. பழைய லேப்டாப்களில் அந்த இணைப்பின் பெயர் எல்விடிஎஸ். 2008-இல் இடிபி என்ற புதிய தரம் வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் அதுவே எங்கும் பரவியது. எதுவானாலும் கிராஃபிக்ஸ் சில்லிலிருந்து திரைக்குப் போகும் ஒருவழிப் பாதை அது. ஓரத்துத் துளைக்கும் அதே சில்லிலிருந்து இன்னொரு ஒருவழிப் பாதை போகிறது. துளையிலிருந்து திரைக்குப் போக சாலையே போடவில்லை. போடாத சாலையை எந்த டிரைவரும், எந்த மென்பொருளும் திறந்துவிட முடியாது. 1987-இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய விஜிஏ துளைக்கும் லேப்டாப்பில் இதே கதைதான்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரு முனையிலும் சாதாரண யுஎஸ்பி செருகி உள்ள கேபிளை வாங்கி இரண்டு கணினிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டாம். இரண்டு பக்கமும் 5 வோல்ட்டை ஒன்றின் மேல் ஒன்று தள்ளும். படம் வராது, துளை கருகக்கூடும்.

வாசல் இருந்த காலம்

இது இயற்கையின் விதி இல்லை. சில நிறுவனங்கள் இந்த வாசலை வைத்திருக்கின்றன.

2009 இறுதியில் வந்த 27 இன்ச் ஐமேக்கில் ஆப்பிள் ஒரு வசதியைக் கொடுத்தது. இன்னொரு கணினியைக் கேபிளில் இணைத்து, கீபோர்டில் கமாண்ட் விசையையும் எஃப்2-வையும் சேர்த்து அமுக்கினால், அந்த ஐமேக் தன் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வெறும் மானிட்டராக மாறி நிற்கும். ‘டார்கெட் டிஸ்ப்ளே மோடு’ என்று பெயர். 2011 முதல் 2014 நடுப்பகுதி வரை வந்த ஐமேக்குகளில் தண்டர்போல்ட் கேபிள் வழியாக இது தொடர்ந்தது. 2014 இறுதியில் 5கே திரையோடு வந்த ஐமேக்கில் எடுத்துவிட்டார்கள். அவ்வளவு புள்ளிகளை அன்றைய ஒற்றைக் கேபிள் தாங்காது என்பது நிஜம்தான். ஆனால் திரையின் கூர்மையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாவது அந்த வழியை விட்டுவைத்திருக்கலாம் என்று நினைக்கிறேன். அத்தனை அருமையான 27 இன்ச் திரைகள், உள்ளே இருக்கும் சில் பழசானதும் தாமும் சேர்ந்து ஓய்வுபெறுகின்றன.

லேப்டாப்பிலும் உண்டு. டெல் நிறுவனத்தின் ஏலியன்வேர் வரிசையில் எம்17எக்ஸ், எம்18எக்ஸ் மாடல்கள் சிலவற்றில் படம் உள்ளே வரும் ஹெச்டிஎம்ஐ துளையும் தனியாக இருந்தது. வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து லேப்டாப் திரையிலேயே ஆடட்டும் என்பதற்காக வைத்தது. மானிட்டரும் சிபியுவும் ஒன்றாக இருக்கும் ‘ஆல் இன் ஒன்’ கணினிகள் சிலவற்றிலும் இந்த வாசலைப் பார்க்கலாம். பரணில் அப்படி ஒன்று இருந்தால் துளைக்குப் பக்கத்தில் ‘இன்’ என்று எழுதியிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இருந்தால் உங்கள் வேலை முடிந்தது. மற்றவர்களுக்குத்தான் மீதிக் கதை.

“ஒண்ணுதானா, ரெண்டாவதா?”

அன்றிரவு என்னைக் காப்பாற்றியது ஹால் டிவிதான். மானிட்டர் போன அவசரத்துக்கு வீட்டு டிவியைவிட நல்ல வழி கிடையாது, உருவிய கேபிளைத் திரும்பச் செருகி சிபியுவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்தால் போதும். ஆனால் வீட்டிலுள்ளவர்கள் பார்க்கும் டிவியைத் தினமும் பிடித்துக்கொள்ள முடியுமா? மறுநாள் ரிச்சி தெருவுக்குப் போனேன்.

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் அந்தத் தெருவையும் அதோடு ஒட்டிய நரசிங்கபுரம் தெருவையும் சென்னைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் மின்னணுச் சந்தை. விஷயத்தைச் சொன்னதும் கவுன்ட்டரில் இருந்த தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சார், உங்களுக்கு இது ஒண்ணுதானா, இல்ல ஏற்கெனவே ஒண்ணு இருந்து ரெண்டாவதா வேணுமா?”

இந்தக் கேள்வியைக் கேட்காமல் யார் எந்த யோசனை சொன்னாலும் வாங்கிக்கொள்ளாதீர்கள். லேப்டாப்பைத் திரையாக்கும் வழிகள் இரண்டு குடும்பம். ஒன்று மென்பொருள் வழி: டெஸ்க்டாப்பில் ஒரு புரோகிராம் ஓடி, படத்தைச் சுருக்கி, வைஃபை அல்லது நெட்வொர்க் கேபிளில் லேப்டாப்புக்கு அனுப்பும். அந்தப் புரோகிராம் ஓட விண்டோஸ் எழுந்து நிற்க வேண்டும். அதை நிறுவவே முதலில் ஒரு திரை வேண்டும். கணினி எழும்போது வரும் பயாஸ் திரையோ, விண்டோஸ் நிறுவும் திரையோ அதில் வராது. மற்றது வன்பொருள் வழி: சிபியுவின் ஹெச்டிஎம்ஐ துளையில் வருவதை அப்படியே பிடித்து லேப்டாப்பில் காட்டும். என் நிலைமைக்கு இரண்டாவதுதான் சரி.

தம்பி எடுத்துக் கொடுத்தது கட்டைவிரல் அளவில் ஒரு பொருள். ஒரு பக்கம் ஹெச்டிஎம்ஐ துளை, மறுபக்கம் யுஎஸ்பி செருகி. கடையில் இதன் பெயர் ‘கேப்சர் கார்டு’. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் வகைகளில் பெரும்பாலும் மேக்ரோசிலிகான் என்ற சீன நிறுவனத்தின் எம்எஸ்2109 சில் அல்லது அதன் உறவு ஒன்று இருக்கும். விளையாட்டுகளைப் பதிவுசெய்து யூடியூப்பில் போடுகிறவர்களுக்காகப் பெருகிய பொருள் இது. அது செய்யும் வேலை எனக்குப் பெரிய சந்தோஷத்தைக் கொடுத்தது. சிபியுவிடம் தன்னை மானிட்டர் என்று ஜாதகம் காட்டுகிறது. லேப்டாப்பிடம் தன்னை வெப்கேமரா என்று சொல்லிக்கொள்கிறது. இரண்டுமே நம்புகின்றன.

வெப்கேமரா என்று நம்புவதால் லேப்டாப்பில் தனியாக டிரைவர் எதுவும் வேண்டியதில்லை. விண்டோஸ் 7-கூட எடுத்துக்கொள்ளும், லினக்ஸும் எடுத்துக்கொள்ளும். விஎல்சி பிளேயரைத் திறந்து, ‘மீடியா’ பட்டியலில் ‘ஓபன் கேப்சர் டிவைஸ்’ என்பதற்குள் போய், யுஎஸ்பி வீடியோ என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தேன். சிபியுவை அணைத்துப் போட்டேன். மதர்போர்டு கம்பெனியின் சின்னம், பிறகு விண்டோஸின் சுழலும் புள்ளிகள், எல்லாம் அக்கா மகளின் லேப்டாப்பில் வந்தன. மானிட்டர் போனதிலிருந்து முதல்முறையாக என் மேசையிலேயே என் கணினியைப் பார்த்தேன்.

ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்பு சற்றுப் பின்தங்கி வந்தது. இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, விஎல்சி தன் பங்குக்கு 300 மில்லி செகண்ட் படத்தைச் சேமித்துவைத்தே காட்டும், படம் தடங்கல் இல்லாமல் ஓடட்டும் என்பதற்காக. அந்தத் திறக்கும் பெட்டியிலேயே ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்தால் ‘கேச்சிங்’ என்ற இடத்தில் 300 இருக்கும். அதை 50 ஆக்கினேன். பாதிக் குறை அங்கேயே தீர்ந்தது. பலர் இந்த இடத்தைத் தெரியாமல் கார்டைக் குறைசொல்லித் தூக்கிப்போடுகிறார்கள்.

இரண்டாவது காரணம் கணக்கு. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட படம் ஒன்றில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட். நொடிக்கு 60 படம். பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 300 கோடி பிட், அதாவது 3 கிகாபிட். சாதாரண யுஎஸ்பி 2.0 துளை, ஏட்டளவிலேயே 480 மெகாபிட்தான் தாங்கும். ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலில் விட வேண்டும். அதனால் கேப்சர் கார்டு ஒவ்வொரு படத்தையும் போட்டோவைப்போலச் சுருக்கி அனுப்புகிறது, லேப்டாப் அதை விரித்துக் காட்டுகிறது. சுருக்கவும் விரிக்கவும் நேரம் பிடிக்கிறது, சின்ன எழுத்துகளின் ஓரம் கொஞ்சம் கலங்குகிறது. பெட்டியின்மேல் ‘4கே’ என்று கொட்டையாக எழுதியிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம், இந்த வகைக் கார்டிலிருந்து வெளியே வருவது அதிகபட்சம் 1080.

இதிலிருந்து ஒரு யோசனை கிடைத்தது. பழைய லேப்டாப் திரைகளில் பெரும்பாலானவை 1366-க்கு 768 புள்ளிகள்தான். அதற்கு 1080 படத்தை அனுப்பி, அது விரித்து, மறுபடி சுருக்கிக் காட்டுவது வீண் வேலை. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 1280-க்கு 720 என்று குறைத்தேன், விஎல்சியிலும் அதையே சொன்னேன். எழுத்து தெளிவானது, பழைய பென்டியம் சில்லும் மூச்சுவாங்குவது நின்றது. இந்தக் கட்டுரையின் முதல் பாதியை அந்தத் திரையில் பார்த்துத்தான் தட்டச்சு செய்தேன். வேகமாக ஓடிச் சுடும் விளையாட்டு ஆட முடியாது. கணக்கு எழுத, கடிதம் எழுத, பயாஸை மாற்ற, செத்த விண்டோஸை மறுபடி நிறுவ, தாராளமாகப் போதும்.

இன்னும் சில விஷயங்கள். கீபோர்டும் மவுஸும் சிபியுவில்தான் இருக்க வேண்டும், லேப்டாப்பின் கீபோர்டைத் தட்டினால் அது லேப்டாப்புக்கே போகும். நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றின் படங்களுக்குக் காப்புப் பூட்டு இருப்பதால் இந்த வழியில் அவை கறுப்பாகத்தான் தெரியும். உங்கள் சிபியுவில் விஜிஏ துளை மட்டும் இருந்தால் நடுவே விஜிஏ-யிலிருந்து ஹெச்டிஎம்ஐ-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும். உள்ளே மின்சுற்று உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், வெறும் கேபிள் உதவாது.

நம்மைவிட இதன் அருமை நன்றாகத் தெரிந்தவர்கள் சர்வர் அறைகளில் வேலை செய்கிறவர்கள். அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இருக்கும் டேட்டா சென்டர்கள் மாதிரியான இடங்களில் நூற்றுக்கணக்கான கணினிகள் திரையே இல்லாமல் அடுக்கில் ஓடும். ஒன்று மக்கர் செய்தால் மானிட்டரும் கீபோர்டும் ஏற்றிய தள்ளுவண்டி அதன் அருகே வரும். ‘கிராஷ் கார்ட்’ என்பார்கள். அந்த வண்டிக்குப் பதிலாகக் கையடக்கமான ஒரு கருவி உண்டு. சர்வரின் படத்தை லேப்டாப்புக்குக் கொண்டுவரும், லேப்டாப்பின் கீபோர்டு, மவுஸை சர்வருக்குக் கொண்டுபோகும். விலை கேப்சர் கார்டைப்போலப் பல மடங்கு. ஆனால் இந்தத் தேவை நிஜமானது, தொழில்முறையிலேயே இருப்பது என்பதற்கு அது சாட்சி.

இரண்டாவது திரையாக

மானிட்டர் நன்றாக இருக்கிறது, பக்கத்தில் இன்னொரு திரை இருந்தால் கணக்கை ஒன்றிலும் பில்லை ஒன்றிலும் வைத்துப் பார்க்கலாம் என்பவர்களுக்குச் செலவே இல்லை.

இரண்டிலும் விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால் மைக்ரோசாஃப்டே வழி வைத்திருக்கிறது. லேப்டாப்பின் செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, அதற்குள் ‘புரொஜெக்டிங் டு திஸ் பிசி’. முதல்முறை போனால் ‘வயர்லெஸ் டிஸ்ப்ளே’ என்ற கூடுதல் அம்சத்தை நிறுவச் சொல்லும். முடிந்ததும் டெஸ்க்டாப்பில் விண்டோஸ் விசையோடு கே-யை அமுக்கினால் லேப்டாப்பின் பெயர் தெரியும். தொட்டால் படம் போகும். பிறகு விண்டோஸ் விசையோடு பி-யை அமுக்கி ‘எக்ஸ்டெண்ட்’ கொடுத்தால் இரண்டாவது திரை தயார். 2012-இல் வைஃபை கூட்டமைப்பு கொண்டுவந்த மிராகாஸ்ட் என்ற தரத்தின் மேல் இது ஓடுகிறது. சிக்கல், பழைய லேப்டாப்பின் வைஃபை சில் பல நேரம் இதற்கு ஒத்துவராது. டெஸ்க்டாப்பில் வைஃபையே இல்லாத வீடுகளும் அதிகம்.

அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்பேஸ்டெஸ்க் என்ற மென்பொருளைச் சொல்வேன். ஜெர்மனியிலிருந்து வருவது, சொந்த உபயோகத்துக்குக் காசு கிடையாது. டெஸ்க்டாப்பில் அதன் டிரைவரை நிறுவினால் விண்டோஸ் உண்மையிலேயே இன்னொரு மானிட்டர் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். லேப்டாப்பில் அதன் வியூவரை வைக்கலாம், அதுவும் வேண்டாம் என்றால் பிரவுசரிலேயே பார்க்கலாம். அதனால் லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தாலும் கவலையில்லை. ஒரே ஒரு ஆலோசனை: வைஃபையை நம்பாதீர்கள். இரண்டு கணினிக்கும் நடுவே ஒரு சாதாரண நெட்வொர்க் கேபிளைச் செருகுங்கள். முன்பெல்லாம் இதற்கு கிராஸ் கேபிள் என்று தனியாகத் தேட வேண்டும். இப்போதைய கிகாபிட் துளைகள் எந்தக் கேபிளையும் தாமே சரிசெய்துகொள்கின்றன. ரூட்டர் இல்லாமலே இரண்டும் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாமாகச் சூட்டிக்கொண்டு பேசத் தொடங்கிவிடும். வைஃபையில் திக்கித் திக்கி வந்த படம் கேபிளில் ஓடையாக வந்தது.

திரை வேண்டுமா, அந்தக் கணினியே வேண்டுமா என்றும் யோசித்துக்கொள்வது நல்லது. டெஸ்க்டாப் உள்ளறையில் இருக்கட்டும், நான் திண்ணையில் உட்கார்ந்து லேப்டாப் கீபோர்டிலேயே அதை ஓட்ட வேண்டும் என்றால் ரிமோட் டெஸ்க்டாப்தான் சரி. 1980-களில் எம்ஐடி-யில் பிறந்த எக்ஸ் விண்டோ முதல், கேம்பிரிட்ஜில் ஆலிவெட்டி ஆய்வகத்தில் உருவான விஎன்சி வரை, ஒரு கணினியின் படத்தை இன்னொன்றில் பார்ப்பது நாற்பது வருடப் பழக்கம். விளையாட்டுக்கென்றால் சன்ஷைன், மூன்லைட் என்ற இலவச ஜோடி இருக்கிறது, தாமதம் மிகக் குறைவு. விண்டோஸ் ஹோம் பதிப்பில் வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைய முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அங்கே விஎன்சி-தான் துணை.

கழற்றியெடுத்த கண்ணாடி

லேப்டாப்பின் மதர்போர்டே செத்திருந்தால்? அப்போது திரையை மட்டும் கழற்றியெடுக்கலாம். ரிச்சி தெருவில் பேனல்களைச் சுவரோரம் புத்தகம்போல அடுக்கி வைத்திருப்பார்கள். முதுகில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் காட்டினால் அதற்குப் பொருந்தும் கன்ட்ரோலர் போர்டு கிடைக்கும். உள்ளங்கை அளவுப் பச்சை அட்டை. ஒரு பக்கம் ஹெச்டிஎம்ஐ, விஜிஏ துளைகள், மறுபக்கம் பேனலுக்குப் போகும் கேபிள், 12 வோல்ட் அடாப்டர். பழைய எல்விடிஎஸ் பேனலுக்கு ஒரு வகை போர்டு, 30 ஊசி இடிபி பேனலுக்கு வேறு வகை. மாற்றிப் போட்டால் படம் வராது. அந்தப் பேனலின் புள்ளி அளவுக்கு ஏற்ப போர்டில் நிரலும் ஏற்றியிருக்க வேண்டும். எண்ணை எழுதிக்கொண்டு போவதைவிடப் பேனலையே கையோடு கொண்டுபோவது நல்லது.

கவனமும் வேண்டும். ஏறத்தாழ 2009-க்கு முந்தைய லேப்டாப் என்றால் திரைக்குப் பின்னால் எல்இடி இல்லாமல் மெல்லிய குழல்விளக்கு இருக்கலாம். அதை எரியவைக்கும் இன்வெர்ட்டர் நூற்றுக்கணக்கான வோல்ட் கொடுக்கும். விளக்குக்குள் பாதரசமும் உண்டு. அதைப் பழகியவரிடம் விட்டுவிடுங்கள். பழைய பேட்டரி உப்பியிருந்தால் எந்த வழிக்கும் போகும் முன் அதை எடுத்துவிடுவது முதல் காரியம். வேலை முடிந்தால் கையில் இருப்பது தாமதமே இல்லாத ஒரு நிஜ மானிட்டர். பிளைவுட்டில் சட்டம் அடித்து நிறுத்தியவர்களையும், சுவரில் மாட்டிக் கண்காணிப்புக் கேமராவுக்குத் திரையாக்கிய மளிகைக்கடைக்காரரையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு வரி போதும்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தமிழ்நாட்டில் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசின் எல்காட் நிறுவனம் வழியாக வாங்கப்பட்ட லேப்டாப்கள் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி கல்லூரிகளில் லட்சக்கணக்கான பிள்ளைகளின் கைக்குப் போயின. முதல் முதலாகக் கணினி நுழைந்த வீடுகள் அவற்றில் எத்தனையோ. அவை இப்போது எங்கே? எனக்குத் தெரிந்த வீடுகளில் எல்லாம் பரணில், பீரோவின் மேல், கட்டிலுக்கு அடியில். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சில்லும் வேண்டும். ஆரம்ப ஆண்டுகளில் கொடுத்த லேப்டாப் எதுவும் அந்த வாசலைத் தாண்டாது. இணையத்தில் இனி பாதுகாப்பில்லை என்று சொல்லி ஒதுக்கினால், திரையும் சேர்ந்து ஒதுங்குகிறது. கேப்சர் கார்டு வழியில் லேப்டாப்புக்கு இணையமே வேண்டியதில்லை என்பதால் அந்தப் பயமும் இல்லை.

2022-ஆம் ஆண்டில் உலகம் முழுக்க உண்டான மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐக்கிய நாடுகள் அறிக்கை கணக்கிட்டது. முறைப்படி சேகரித்து மறுசுழற்சிக்குப் போனது அதில் 22.3 சதவீதம்தான். அந்தக் குவியலில் கீறல் விழாத திரைகள் எவ்வளவு இருக்கும் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை. திரை செய்வது சாதாரண வேலையில்லை. தூசு இல்லாத அறையில், கண்ணாடித் தகட்டின்மேல், பத்து லட்சம் புள்ளிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் மூன்று என்ற கணக்கில் டிரான்சிஸ்டர்களைப் படியவைக்கிறார்கள். சில் பழசானதற்காக அந்த உழைப்பைத் தூக்கி எறிகிறோம்.

உள்ளே வரும் வாசலுக்கு ஆகக்கூடிய மின்சுற்று ஆயிரம் ரூபாய்க்குக் குறைவான கேப்சர் கார்டுக்குள்ளேயே அடங்குகிறது. அதை லேப்டாப்புக்குள் வைப்பது முடியாத காரியமில்லை. ஏலியன்வேரில் வைத்தார்கள். கேட்க ஆளில்லாததால் மற்றவர்கள் வைக்கவில்லை. கேட்டால் துளைகள் மாறும். ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டதால் 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் போன்களுக்கெல்லாம் ஒரே வகைச் சார்ஜர் துளை வந்ததே. நம்மிடம் சட்டத்துக்கு முன்பே ஒரு சாவி இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ கொடுப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. லட்சக்கணக்கில் வாங்குகிறவர் சொல்வதை எந்தத் தயாரிப்பாளரும் கேட்பார். இனி வரும் டெண்டர்களில் ‘வெளியிலிருந்து படம் வாங்கும் துளை ஒன்று இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பத்து வருடம் கழித்து அந்த லேப்டாப்கள் ஓய்வுபெறும்போது, மானிட்டர் வாங்க முடியாத இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு அவை திரையாக இருக்கும். எல்காட் அதிகாரிகள் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

என் மானிட்டரைப் பழுதுபார்த்துக் கொடுத்துவிட்டார்கள். லேப்டாப் பரணுக்குத் திரும்பவில்லை. மேசையின் இடப்பக்கம் இரண்டு தடிப் புத்தகங்களின்மேல் உட்கார்ந்து இரண்டாவது திரையாக நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் குழந்தையோடு வந்திருந்தாள்.

“மாமா, இது என்னோடதுதானே?”

“உன்னோடதுதான். திரையை மட்டும்தான் கடன் வாங்கியிருக்கேன். உள்ளே எதையும் தொடலை.”

விஎல்சியை மூடிவிட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகத் திறக்கும் ஒவ்வொரு ஃபோல்டராகப் போய்க்கொண்டிருந்தாள். கல்லூரி முதலாண்டில் தட்டச்சு செய்த தமிழ் ப்ராஜெக்ட் அப்படியே இருந்தது. பென் டிரைவ் கேட்டாள், எடுத்துக் கொடுத்தேன்.